லாரியில் அதிக பாரம் இருந்தால் இழப்பீடு கிடைக்காது என்று சொல்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்

ஏற்காடு அடிவாரத்தில் லாரி மோதிக் காயம்பட்டவர்களின் குடும்பங்களைத் தேடி ஒருவர் மருத்துவமனை வார்டுக்கே வருகிறார். கையில் பழப்பை, தோளில் தோல்பை, பேச்சில் ‘அம்மா, தங்கச்சி’ என்ற குழைவு. என் தங்கை குடும்பத்திடமும் வந்தார். தன்னை ‘இன்சூரன்ஸ் ஆள்’ என்று சொல்லிக்கொண்டார். அவர் லாரி உரிமையாளரின் ஆள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் சொன்ன பொய்யை இங்கே உடைத்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

தங்கையின் கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளி. கண்ணி கோத்துப் பற்றவைக்கும் நுணுக்கமான வேலை. இருசக்கர வாகனத்தில் மலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, சில்வர் ஓக் மரத்துண்டுகளை அடுக்கிக்கொண்டு இறங்கிய லாரி கடைசி வளைவில் கட்டுப்பாட்டை இழந்து அவர் மேல் மோதியது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலை அது. அளவுக்கு மீறிய பாரத்தோடு, கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்து இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பது மலைப்பாதையில் ஓட்டும் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் தெரியும். தங்கையின் கணவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. காலில் இரும்புத்தகடு வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆள் சொன்னது இதுதான்: “வண்டியில் ஓவர்லோடு. ஆகையால் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு பைசா தராது. கேஸ் போட்டால் பத்து வருடம் அலைய வேண்டும். முதலாளி நல்ல மனிதர், ஒரு லட்சம் தருகிறார். ஆஸ்பத்திரிச் செலவையும் நாங்களே பார்த்துக்கொண்டோம்.” மூன்று வாக்கியங்கள் பொய். கடைசி வாக்கியம் பச்சைப் பொய். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருவது 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம். அரசு செய்ததைத் தன் முதலாளியின் தர்மக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

தங்கை இரண்டு தாள்களில் கையெழுத்திட்டாள். ஒன்று, இனி எந்த உரிமையும் கோரமாட்டோம் என்ற முத்திரைத்தாள். இன்னொன்றை அவளுக்குப் படித்துக்காட்டவே இல்லை. இருசக்கர வண்டி தானாகச் சறுக்கி விழுந்தது என்று காவல் நிலையத்துக்கு எழுதப்பட்ட மனு அது. கணவன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது, தூங்காத கண்களோடு நிற்கும் ஒருத்தியிடம் இப்படி வாங்கியிருக்கிறார்கள். அன்றிரவே மரத்துண்டுகள் வேறு வண்டிக்கு மாறிவிட்டன. லாரியை எடை மேடையில் ஏற்றவே இல்லை.

இப்போது சட்டம் சொல்வதைச் சொல்கிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆவது பிரிவு, இன்சூரன்ஸ் நிறுவனம் எந்தக் காரணங்களைக் காட்டித் தப்பிக்கலாம் என்று வரையறுத்துப் பட்டியலிடுகிறது. ஓட்டுநர் உரிமம் இல்லாதது போன்றவை அதில் உண்டு. சாலையில் சென்ற மூன்றாம் நபர்மீது மோதிய லாரியில் சரக்கு அதிகம் இருந்தது என்ற காரணம் அதில் இல்லை. உரிமம் இல்லாத வழக்கில்கூட, பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. சரக்கு லாரியில் இலவசமாகத் தொற்றிக்கொண்டு போனவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு இன்சூரன்ஸ் பாதுகாப்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைத்தான் இந்த ஆட்கள் திரித்து எல்லோரிடமும் ஓதுகிறார்கள்.

அதிக பாரம் குற்றம்தான். ஆனால் அது அவர்கள் தலையில் விழும் குற்றம், நம் தலையில் அல்ல. 194-ஆவது பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஓட்டியவர் மட்டுமல்ல, அப்படி ஓட்டச் செய்தவரும் பொறுப்பாளி. பாரத்தின் அளவு நிரூபணமானால் லாரித் தரப்பின் கவனக்குறைவும் வலுவாக நிரூபணமாகும். மரம் ஏன் இரவோடிரவாக மாயமானது என்பது இப்போது புரிகிறதா?

அவர்கள் தந்த தொகையையும் எடை போடுங்கள். யார்மீது தவறு என்று நிரூபிக்காமலேயே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம் என்று 164-ஆவது பிரிவு நிர்ணயித்திருக்கிறது. தவறை நிரூபித்தால் 166-ஆவது பிரிவில் இதைவிட அதிகமாகக் கேட்கலாம். உடலில் எத்தனை சதவீதம் ஊனம் என்பதோடு நில்லாமல், அது அவருடைய பிழைப்பை எவ்வளவு முடக்குகிறது என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஒரு கொலுசுத் தொழிலாளிக்கு வலது கையின் மூன்று விரல்கள் என்றால் என்ன என்று சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்கு ஒரு லட்சம் விலை பேசினார்கள்.

எங்களைக் காப்பாற்றியது மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. 108 ஆம்புலன்சில் வந்து இறங்கியபோதே ‘லாரி மோதியதாக’ என்று பணி மருத்துவர் எழுதியிருந்தார். யார் என்ன மனு வாங்கினாலும் அந்த வரியை அழிக்க முடியவில்லை. அதன் நகலைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும். அடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகல், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, லாரியின் பதிவு எண். எண் இருந்தால் இன்சூரன்ஸ் விவரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். சரக்கு இறக்கப்படுவதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்து வைத்தால் பிறகு பெரிய பலம். காவல்துறை 48 மணி நேரத்துக்குள், விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு முதல் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அனுப்பினீர்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கிடைப்பதில் பங்கு கேட்கும் வக்கீல் தரகர்களும் அதே வார்டில் சுற்றுகிறார்கள். இழப்பீட்டில் பங்கு பேசுவதைப் பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், பட்டியல் சாதியினருக்கும், சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் கிடைப்பார். உதவி எண் 15100. எங்கள் வழக்கு அந்த வழியாகத்தான் சேலம் தீர்ப்பாயத்தில் தாக்கலாகியிருக்கிறது. முத்திரைத்தாளை எதிர்த்தரப்பு தூக்கிக் காட்டுகிறது. எங்கள் வக்கீல் பதிவேட்டு நகலைக் காட்டுகிறார். நடந்துகொண்டிருக்கிறது.

2022 ஏப்ரல் 1 முதல், இழப்பீட்டு மனுத் தாக்கலுக்குச் சட்டத்தில் எழுதியிருக்கும் கெடு ஆறு மாதம். அந்த ஆள் மாதாமாதம் “முதலாளி மீதியும் தருவார்” என்று இழுத்தடித்தது இந்தக் கெடுவைத் தாண்டவைக்கத்தான். விபத்து நடந்த நாளிலிருந்து அது எண்ணப்படும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாளிலிருந்து அல்ல.