உள்நுழைவில் விழும் லினக்ஸ்: சீர்செய்வதா, பழைய நிலைக்கு மீள்வதா, புதிதாக நிறுவுவதா?

மன்னார்குடியிலோ பாபநாசத்திலோ உள்ள ஒரு சிறிய அச்சகத்தில், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 பதிப்பிலிருந்து 24.04க்கு உயர்த்திய கணினி, கடவுச்சொல்லைக் கொடுத்ததும் ஒரு கணம் திரை கறுத்து மறுபடி உள்நுழைவுத் திரைக்கே வந்து நின்றால், அங்கிருப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது ஃபார்மட் செய்துவிடலாம் என்பதுதான். தை மாத முகூர்த்தங்களுக்கான அழைப்பிதழ்கள் காத்திருக்கும்போது அந்த அவசரம் இயல்பானது. ஆனால் கையில் மூன்று வழிகள் இருக்கின்றன: இருக்கும் இடத்திலேயே பழுதைக் கண்டுபிடித்துச் சீர்செய்வது, டைம்ஷிஃப்ட் போன்ற கருவி எடுத்து வைத்த பிரதியைக் கொண்டு பழைய நிலைக்கு மீள்வது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவது. இவற்றுள் மூன்றாவதே எளிதில் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இழப்பு மிகுதியாக இருப்பதும், சில வேளைகளில் பழுதை நீக்காமலே விடுவதும் அதுதான் என்பது என் கருத்து.

மூன்றையும் எடைபோடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். பழுது இயங்குதளத்தில் இருக்கிறதா, அந்தப் பயனரின் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஹோம் கோப்புறையில் இருக்கிறதா? உள்நுழைவுத் திரையில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தினால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்து முனையம் திறக்கும். அங்கே பயனர் பெயரைக் கொடுத்து நுழைந்து, 'சூடோ ஆட்யூசர்' கட்டளையால் புதிய பயனர் ஒருவரை உருவாக்கி, வரைகலைத் திரைக்குத் திரும்பி அந்தப் பெயரில் நுழைந்து பார்க்க வேண்டும். புதியவருக்குத் திரை ஒழுங்காக வந்தால் இயங்குதளம் நலமாக இருக்கிறது. பழையவரின் அமைப்புக் கோப்புகளில்தான் கோளாறு. புதியவருக்கும் வராவிட்டால் வரைகலை இயக்கி, அரைகுறையாக நின்ற மென்பொருள் பொதிகள், நிறைந்துபோன வட்டு ஆகியவற்றின் பக்கம் பார்வையைத் திருப்பலாம். சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

இருக்கும் இடத்திலேயே சீர்செய்வதுதான் பொறுமையை அதிகம் கேட்கும் வழி. நம் மாவட்டங்களில் மேம்படுத்தல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விடுவது அரிதன்று. அப்படி நின்ற கணினியில் பாதிப் பொதிகள் புதியவையாகவும் பாதி பழையவையாகவும் இருக்கும். 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', அதன்பின் 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' ஆகிய இரண்டையும் சூடோ உரிமையோடு, அதாவது நிர்வாகியின் உரிமையோடு இயக்கினால் விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்ந்து, பல கணினிகள் அத்துடன் எழுந்துவிடும். அதற்கும் முன்னால் 'டிஎஃப் -எச்' கொடுத்து வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது, ஏனெனில் ஹோம் இருக்கும் வட்டு முழுதும் நிறைந்திருந்தால் எழுத இடமில்லாமல் அமர்வு தொடங்காமலே முடிந்துவிடும். 'ஆப்ட் கிளீன்' கட்டளை இறக்கி வைத்த பொதிகளை அகற்றி இடம் தரும்.

கோளாறு ஹோம் கோப்புறையில் என்றால் இரண்டு சந்தேகங்கள் முதலில் வர வேண்டும். சூடோ உரிமையோடு வரைகலைச் செயலி ஒன்றை எப்போதோ திறந்ததால், வரைகலைத் திரைக்கு அனுமதி தரும் எக்ஸ்அதாரிட்டி என்ற மறைகோப்பின் உரிமை, நிர்வாகியான ரூட் பயனருக்குப் போயிருக்கலாம். அதன் பெயரை மாற்றிவிட்டால் அடுத்த நுழைவில் புதிய கோப்பு தானே உருவாகும். மற்றொன்று, உபுண்டுவின் திரைச்சூழலான க்னோமில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்களான நீட்சிகள். 22.04இல் இருப்பது க்னோம் 42, 24.04இல் இருப்பது க்னோம் 46. இடையில் 2023இல் வந்த க்னோம் 45 நீட்சிகள் எழுதப்படும் முறையையே மாற்றிவிட்டதால், பழைய நீட்சிகள் திருத்தப்படாமல் புதியதில் இயங்கா. நீட்சிகள் உள்ள கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு நுழைந்து பார்த்தால், பழி அவற்றின் மேல்தானா என்பது உடனே தெரிந்துவிடும்.

இந்த வழியில் தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. லினக்ஸின் எழுத்து முனையம் அதிகபட்சம் 512 எழுத்துருவங்களையே தாங்கும். உயிர்மெய்க் குறிகளைச் சேர்த்துக் காட்டும் திறனும் அதற்கு இல்லை. கோப்புறைகளுக்குத் தமிழில் பெயரிட்டிருந்தால் கட்டங்களாகவே தெரியும். இடைமுகமும் தமிழிலிருந்தால் பிழைச் செய்திகளையும் படிக்க முடியாது. கட்டளைக்கு முன் 'லாங்=சி' என்று சேர்த்தால் செய்திகள் ஆங்கிலத்தில் வரும். கோப்புப் பெயர்களுக்கு டேப் விசையையும் நட்சத்திரக் குறியையும் நம்பலாம்.

வரைகலை இயக்கிதான் காரணமென்றால் 'ஜர்னல்சிடிஎல் -பி' காட்டும் பதிவில் அதன் பெயர் தென்படும். பழைய என்விடியா அட்டைகளில் இது அதிகம்: 340 வரிசை இயக்கிக்கு 2019 முடிவோடும், 390 வரிசைக்கு 2022 முடிவோடும் அந்நிறுவனம் ஆதரவை நிறுத்திவிட்டதால், இயங்குதளத்தின் கருவான கெர்னல் புதியதாகும்போது அதனுடன் அவை பொருந்துவது கடினம். அவற்றை நீக்கிவிட்டுத் திறமூல நோவோ இயக்கியிலேயே இருந்துகொள்ளலாம். பக்க வடிவமைப்புக்கும் ரசீது போடுவதற்கும் அது போதும்.

பழைய நிலைக்கு மீள்வது வேகத்தில் முதலிடம் பெறும் வழி, முன்கூட்டியே பிரதி எடுத்து வைத்திருந்தால். டைம்ஷிஃப்ட், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் முறையில், முதல் பிரதிக்கு ஏறத்தாழ இயங்குதளத்தின் அளவுக்கே இடம் எடுக்கும். பிந்தையவை மாறிய கோப்புகளை மட்டுமே சேர்க்கும். வரைகலை எழாவிட்டாலும் எழுத்து முனையத்திலிருந்தோ, நிறுவாமலே உபுண்டுவை இயக்கும் நேரடி யுஎஸ்பியிலிருந்தோ மீட்டெடுக்கலாம். ஆனால் இயல்பான அமைப்பில் ஹோம் கோப்புறை பிரதியில் சேராது; ஆகவே கோளாறு அங்கிருந்தால் மீண்ட பிறகும் அதே திரைதான் வரும்.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. கணினி அச்சகத்தில் அல்லாமல் உரக்கடை ஒன்றில் இருந்து, அதன் இருப்புக் கணக்கு மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் இருந்தால், அது வழக்கமாக இயங்குதளத்தின் 'வார்' என்ற கோப்புறைக்குள், அதாவது டைம்ஷிஃப்ட் மீட்டெடுக்கும் பகுதிக்குள்ளேயே இருக்கும். வெள்ளிக்கிழமைப் பிரதிக்குத் திரும்பினால் சனிக்கிழமை விற்ற யூரியாவும் டிஏபியும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். எனவே மீள்வதற்கு முன் முனையத்திலிருந்தே 'மைஎஸ்கியூஎல்டம்ப்' கட்டளையைக் கொண்டு தரவுத்தளத்தைத் தனியே எடுத்து வைப்பது கட்டாயம். உலாவியிலும் சிக்கல் உண்டு: புதிய ஃபயர்ஃபாக்ஸ் ஒருமுறை திறந்த சுயவிவரத்தை, அதாவது பயனரின் உலாவி அமைப்புகளின் தொகுப்பை, பழைய பதிப்பு ஏற்காமல் புதிதாக ஒன்றை உருவாக்கச் சொல்லும்.

புதிதாக நிறுவுவதை நான் கடைசியில் வைக்கிறேன். 24.04இன் நிறுவல் கோப்பே 5 ஜிபிக்கு மேல். கைப்பேசி இணையத்தை நம்பியிருக்கும் கிராமத்துக் கடைக்கு அதை இறக்குவதே பெரும்பாடு. ஹோமை வைத்துக்கொண்டு நிறுவினால் கெட்ட அமைப்புகளும் கூடவே வந்து சேரும்; ஹோமையும் அழித்தால் வேலைகள் போய்விடும். அச்சகங்கள் எல்லாப் பயனர்களுக்குமாகப் பொதுக் கோப்புறையில் போட்டு வைத்திருக்கும் பாமினி முதலிய எழுத்துருக்கள் ஹோமில் இல்லாததால் எப்படி நிறுவினாலும் அழியும், பழைய அழைப்பிதழ்க் கோப்புகள் திறந்தும் படிக்க முடியாதவையாகிவிடும். வட்டே பழுதடைந்திருந்தாலோ, பொதிகள் சீராக்க முடியாத அளவுக்குக் குழம்பிப் பிரதியும் இல்லாமலிருந்தாலோதான் இந்த வழி நியாயமாகும்.

அன்றைய வேலை மட்டும் நடக்க வேண்டுமென்றால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலின் மேம்பட்ட விருப்பங்களில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது உள்நுழைவுத் திரையின் பற்சக்கரக் குறியில் வேலேண்டு என்ற புதிய திரைக்காட்சி முறைக்குப் பதில் பழைய முறையான எக்ஸ்ஆர்க் அமர்வைக் கேட்கலாம். 24.04இல் இந்த மாற்று இருக்கிறது, 25.10இல் க்னோமின் எக்ஸ்ஆர்க் அமர்வு நீக்கப்பட்டுவிட்டது.

ஆக, கடைக் கணினிக்கு என் தேர்வு பிரதியோடு மீள்வது, தரவுத்தளத்தைத் தனியே எடுத்த பிறகு. ஹோம் பக்கக் கோளாறுக்கும் பிரதி இல்லாத இடத்துக்கும் சீர்செய்வது. 22.04க்கு 2027 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதால், குறுவைக்கும் சம்பாவுக்கும் உரம் விற்கும் மாதங்களில் பதிப்பை உயர்த்த வேண்டிய தேவையில்லை. அறுவடை முடிந்த பங்குனியில், யுபிஎஸ் மின்கலம் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யலாம்.