பத்து, பற்று, பட்டு: 'பிராட்' மென்பொருள் எவ்வளவு தூரம் உதவும்?

மெய்யொலிகளைப் பிரிக்கும் மூன்று கேள்விகள் ஒலியியலின் முதல் பாடத்திலேயே வந்துவிடும். எந்த இடத்தில் பிறக்கிறது, காற்று எப்படித் தடைப்படுகிறது, குரல்நாண் அதிர்கிறதா. அட்டவணையைப் பாடமாக்குவது பெரிய வேலை இல்லை. அதில் உள்ளதைத் தன் வாயிலும் காதிலும் உறுதிப்படுத்துவதுதான் கஷ்டம். அதற்கு இலவசமாகக் கிடைக்கும் மிகச் சிறந்த கருவி, ஒலியைப் பதிந்து பகுத்துப் படமாகக் காட்டும் பிராட். அம்ஸ்ரர்டாம் பல்கலைக்கழகத்தின் போல் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் எழுதியது. விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பழைய மடிக்கணினியே போதும்.

முகப்பில் அழகை எதிர்பார்க்காதீர்கள். திறந்ததும் இரண்டு யன்னல்கள் வரும். படம் வரைவதற்கானதை மூடிவிடலாம். மற்றதில் 'நியூ' பட்டியலுக்குள் 'ரெக்கோர்ட் மோனோ சவுண்ட்', 44100 ஹேர்ட்ஸ். ஒலிமானி சிவப்பைத் தொட்டால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிட்டது என்று அர்த்தம், திரும்பப் பதியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பற்றறியிலேயே பதிவது நல்லது. 50 ஹேர்ட்ஸ் மின்சார இரைச்சல் படத்தின் அடியில் கோடாக விழுந்தால், அதைக் குரல்நாண் அதிர்வு என்று புதியவர்கள் எழுதிவிடுவார்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்து வீட்டில் இருந்தால் பதிவை விடியப்புறத்துக்குத் தள்ளிப்போடுவதே புத்தி.

இன்னொன்று: 10 செக்கனுக்கு மேற்பட்ட பகுதி திரையில் நின்றால் பிராட் பகுப்பாய்வைக் காட்டாது. அது பழுது இல்லை, பெருப்பித்துப் பாருங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். யாழ்ப்பாணப் பேச்சில் பத்து, பற்று, பட்டு மூன்றும் மூன்று வேறு அடைப்பொலிகள், அதாவது காற்றை முழுதாக அடைத்து விடும் ஒலிகள்: பல்லில் ஒன்று, பல்முரசில் (மேற்பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில்) ஒன்று, நாவை வளைத்து அண்ணத்தில் ஒன்று. தமிழ்நாட்டில் 'நேத்து' என்று பல்லுக்குப் போய்விட்ட ஒலி இங்கே 'நேற்று' என்று முரசிலேயே நிற்கிறது. பெற்றோல், ரிக்கற் என்று நாம் எழுதுவதும் அந்த ஒலி கையில் இருப்பதால்தான். ஆகவே இந்தப் பயிற்சிக்கு யாழ்ப்பாணத்தவருக்குச் சொந்த வாயே போதுமான ஆய்வுகூடம்.

'இப்ப பத்து எண்டு சொல்லு' என்ற ஒரே சட்டகத்துக்குள் மூன்று சொற்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பதியுங்கள். நிறமாலைப் படம் என்பது நேரம் ஓட ஓட எந்த அதிர்வெண்ணில் ஒலி பலமாக இருக்கிறது என்று கருமையாகக் காட்டும் படம். அதில் அடைப்பு வெள்ளை இடைவெளியாகத் தெரியும். புதியவர்கள் அதன் வலப்பக்கத்தைப் பார்த்து ஏமாறுவார்கள். நாக்கு விடுபட்ட பிறகு மூன்றும் ஏறத்தாழ ஒரே மாதிரி. பார்க்க வேண்டியது இடப்பக்கம், அடைப்புக்கு முந்திய அகரத்தின் கடைசித் துண்டு. பட்டு என்பதில் அங்கே மூன்றாவது ஃபோர்மன்ட் (வாய்க்குழியின் ஒத்ததிர்வால் வரும் கரும்பட்டை, கீழிருந்து எண்ணுவது) கீழே இறங்கி இரண்டாவதை நெருங்கும். நாவளை ஒலியின் முத்திரை அது.

கப்பல், கம்பு இரண்டையும் அடுத்து வையுங்கள். எழுத்து ஒன்றுதான், ஆனால் கம்பு என்பதில் பகரத்தின் அடைப்பு முழுவதும் அடியில் குரல்நாண் அதிர்வின் கரும்பட்டை ஓடும், கப்பலில் ஓடாது. ஸகரத்தைப் பார்க்க மட்டும் படத்தின் மேலெல்லையை 5000இலிருந்து 10000 ஆக்குங்கள். அதன் இரைச்சலில் பெரும்பகுதி 5000க்கு மேலேதான் இருக்கிறது.

உயிரொலிகளில் முதல் ஃபோர்மன்ட் நாக்கின் உயரத்துக்கு எதிராகப் போகும். இரண்டாவது முன்-பின் காட்டும். ஈ என்றால் முதலாவது தாழ்வு, இரண்டாவது உயர்வு. ஆ என்றால் முதலாவது நன்றாக ஏறும். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குவது: ஃபோர்மன்ட் உச்சவரம்பு 5500 என்று தயாராக வருகிறது, அது பெண்குரலுக்கானது. ஆண்குரலுக்கு 5000 ஆக்காவிட்டால் ஊகாரத்தின் முதலிரண்டும் ஒன்றாக ஒட்டிவிடலாம். சின்னப்பிள்ளைகளுக்கு 8000 அளவில் தொடங்குங்கள்.

வாழை, வாளை சோதனையும் செய்து பார்க்கத்தக்கது. இங்குள்ள பேச்சில் இரண்டும் பெரும்பாலும் ளகரமே. ஆனால் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் பள்ளிக்கூடத்து ழகரம் வந்து நிற்கும்; கதைக்கவிட்டுப் பதியுங்கள்.

குறை என்றால் ஒன்று பெரியது. பிராட் ஒலியைக் காட்டும், நாக்கைக் காட்டாது. பத்து, பற்று இரண்டையும் படத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே சிரமம். தொல்காப்பியப் பிறப்பியல் தகரத்துக்கு நாநுனி பரந்து பல்லடியில் ஒற்றுவதையும், றகரத்துக்கு நுனிநா மேலெழுந்து அண்ணத்தை ஒற்றுவதையும் வேறாக்கிச் சொல்கிறது. அதைக் கண்ணால் பார்க்க, உட்கொள்ளத்தக்க மருந்துக் கரித்தூளைச் சமையல் எண்ணெயில் குழைத்து நாக்கில் பூசி, சொல்லை ஒரேயொரு முறை சொல்லி, விழுங்காமல் வாயைத் திறந்து கண்ணாடியில் மேலண்ணத்தைப் பாருங்கள். கரி ஒட்டிய இடமே பிறப்பிடம். நாக்கு வேறெங்கும் முட்டாத சொல்லாக இருக்கவேண்டும் என்பதால் இதற்கும் பத்து, பற்று, பட்டுதான் தோது.

மொழியியல் மாணவர்களும் உச்சரிப்புச் சொல்லிக் கொடுப்பவர்களும் தயங்காமல் இறக்கலாம். வெறும் ஒலிப்பதிவுக்கு வேண்டுமென்றால் இது தேவையில்லாத தலையிடி. கடைசியாக, பட்டியலில் நிற்கும் ஒலிகளைப் பிராட் தானாகச் சேமிக்காது. ஒலிக்கோப்பையும், ஒலிக்குக் குறிப்பு எழுதியிருந்தால் அந்தக் கோப்பையும் தனித்தனியே சேமித்துவிட்டு மூடுங்கள்.