குட்டி யானையா, பேக்கர்ஸா, பார்சல் ஷெட்டா: நெல்லையில் வீடு மாற்றுகிறவர்களுக்கு

வீடு மாற்றுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்றுதான். அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும். பழைய வாசலில் எடுத்த சாமான் புது வாசலில் இறங்குவதற்குள் எத்தனை தடவை தூக்கி வைக்கப்படும்? பீரோக் கதவு கோணுவதும் கண்ணாடி விரிவதும் வண்டி ஓடும்போது குறைவு, ஏற்றி இறக்கும்போதுதான் அதிகம். அந்தக் கணக்கிலேயே உள்ளூர் வண்டி, பேக்கர்ஸ், லாரி கம்பெனிகளின் பார்சல் ஷெட் என்ற மூன்று வழிகளையும் வைத்துப் பார்க்கலாம்.

உள்ளூர் வண்டியும் லோடுமேனும்

ஒரு ஏற்று, ஒரு இறக்கு. இதைவிடக் குறைவாக யாராலும் செய்ய முடியாது. டவுனிலிருந்து பெருமாள்புரம் போனாலும், பாளையங்கோட்டையிலிருந்து தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் போனாலும் இதுதான் சரி. மதுரை வரைகூட இதையே சொல்வேன்.

எந்த வண்டி என்பதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். குட்டி யானையின் (டாடா ஏஸ்) தொட்டி சுமார் ஏழடி நீளம், அகலம் ஐந்தடிக்கும் கொஞ்சம் கம்மி, தாங்கும் எடை முக்கால் டன் அளவு. பீரோ ஒன்றே மூன்றடி அகலம் என்பதால் இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்த இடமிருக்காது. ஒன்றை கேபினோடு முதுகு ஒட்டி நிறுத்தி, மற்றதைப் பக்கவாட்டில் கட்ட வேண்டியதுதான். ஒற்றைப் படுக்கையறை வீடு இதில் ஒரே நடையில் போய்விடும். இரண்டு படுக்கையறை, நாலு பேர் குடும்பம், முப்பது அட்டைப்பெட்டி, சோபா என்றால் இரண்டு நடை ஆகும். ஊருக்குள் என்றால் இரண்டு நடையால் நஷ்டமில்லை. நாகர்கோவிலுக்கு என்றால் முதலிலேயே டாடா 407 சின்ன லாரி பிடியுங்கள். தோஸ்த், பொலேரோ பிக்கப் வண்டிகள் அளவில் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். எடை தாங்கும், ஆனால் வீட்டுச் சாமானுக்கு எடையைவிட இடம்தான் முதலில் தீரும்.

போனில் பேசும்போது இவ்வளவையும் சொல்லிவிட வேண்டும்:

"அண்ணாச்சி, டவுன்ல பழைய வீடு, சாமான் மச்சுல கெடக்கு, படி குறுகல். வண்டி வாசலுக்கு வராது, ஒரு முப்பது அடி தூக்கணும். கேடிசி நகர்ல ரெண்டாவது மாடி, லிப்ட் கெடையாது. கட்டில் ரெண்டும் கழட்டி மாட்டணும். வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேத்து என்ன சொல்லுதீய?"

மாடி, தூக்கும் தூரம், கட்டில் கழற்றுவது இந்த மூன்றையும் சொல்லாமல் விட்டால் இறக்கும் இடத்தில் பேச்சு வளரும். ஊர் விட்டு ஊர் என்றால் வண்டி காலியாகத் திரும்பும் கிலோமீட்டரும் வாடகையில் உண்டு. சுங்கச்சாவடி யார் கணக்கு, டிரைவர் பேட்டா சேர்ந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாகர்கோவில் ரோட்டில் நாங்குநேரி வரும், மதுரைப் பக்கம் கயத்தாறு, எட்டூர்வட்டம், கப்பலூர் வரும்.

டவுன் ரத வீதிகளில் கடை திறந்த பிறகு வண்டியை நிறுத்தி ஏற்றுவது நடக்காத காரியம். விடிகாலை ஆறு மணிக்கே வண்டி வந்து நிற்க வேண்டும். ஆனித் தேரோட்டம் நடக்கும் வாரத்தை விட்டுவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள், வண்டி சும்மா நிற்கும். சம்பிரதாயம் பார்க்காதவர்களுக்கு வாடகை பேச அதுதான் நேரம். ஆவணி, தை முதல் வாரங்களிலும், பாளையங்கோட்டைப் பள்ளிகளுக்காக மே கடைசியிலும் டிரைவர் சொன்னதுதான் விலை.

அடுக்கும் வரிசை முக்கியம். பீரோ, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் மூன்றும் கேபின் பக்கம் நின்றபடி வர வேண்டும். பிரிட்ஜைப் படுக்க வைத்தால் கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள் இறங்கிவிடும், நிமிர்த்திய கையோடு சுவிட்சைப் போட்டால் கம்ப்ரஸருக்கே ஆபத்து. வேறு வழியின்றிப் படுத்து வந்தால் ஒரு ராத்திரி சும்மா நிற்க விடுங்கள். முன்பக்கக் கதவு வாஷிங் மெஷினுக்கு, வாங்கிய அன்று பின்னால் கழற்றிய நீள போல்ட்டுகளைத் திரும்பப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் டிரம் ஆடி ஆடி ஸ்பிரிங் போகும். அந்த போல்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடு நூற்றில் ஒன்றுகூட இருக்காது. பீரோவைக் காலி செய்துவிட்டுத் தூக்குங்கள். துணியோடு தூக்கினால் கால் வளையும், அப்புறம் பூட்டு விழாது. கிரைண்டர் கல்லைத் தனியே எடுத்துச் சாக்கில் சுற்றுங்கள். புத்தகத்தைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், ஒன்றரை அடிச் சதுரப் பெட்டி நிறையப் புத்தகம் வைத்தால் ஐம்பது கிலோவைத் தாண்டி அடி பிய்யும். பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் பழைய சேலை போதும். பலசரக்குக் கடையில் கேட்டால் அட்டைப்பெட்டி கிடைக்கும். முப்பது பெட்டிக்கு அகல டேப் நாலு ரோல் வாங்குங்கள்.

மெத்தையை மேலே போட்டுக் கட்டுவது வழக்கம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை நிற்பது சும்மா இல்லை. ஆனி, ஆடிக் காற்றில் மேலே கட்டிய மெத்தை பாய்மரம் மாதிரி நிமிரும். நாகர்கோவில் போகிறவர்கள் அதைப் பக்கவாட்டில் செருகுங்கள். தென்காசிப் பக்கம் அதே மாதங்களில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் எங்கும் மழை. திறந்த தொட்டி வண்டி என்றால் தார்ப்பாய் கிழிசல் இல்லாமல் இருக்கிறதா என்று நேரில் பார்த்து அட்வான்ஸ் கொடுங்கள்.

இந்த வழியின் குறை ஒன்றுதான். உடைந்தால் கேட்க ஆளில்லை.

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்

சென்னை, கோவை, பெங்களூருக்குப் போகிறவர்களுக்கு இது. நெளி அட்டை, பபிள் ராப் சுற்றி, பெட்டிக்கு நம்பர் போட்டு, மூடிய கன்டெய்னரில் ஏற்றுவார்கள். ஆனால் இதில் இரண்டு ரகம் இருக்கிறது, விலை கேட்கிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. தனி வண்டி என்றால் இதுவும் ஒரு ஏற்று, ஒரு இறக்குதான். "ஷேரிங்" (பல வீட்டுச் சாமான் ஒரே லாரியில்) என்றால் வீட்டிலிருந்து சின்ன வண்டி, குடோன், பெரிய லாரி, அங்கே ஒரு குடோன், மறுபடி சின்ன வண்டி. மூன்று ஏற்று, மூன்று இறக்கு. பார்சல் ஷெட்டில் போடுவதற்கும் இதற்கும் தூக்குகிற கணக்கு ஒன்றே, சுற்றியிருக்கும் அட்டைதான் வித்தியாசம். "வழியில வண்டி மாறுமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சாமானைப் பார்க்காமல் போனிலேயே குறைந்த விலை சொல்கிறவரை விட்டுவிடலாம். அந்த அழைப்பு பெரும்பாலும் புரோக்கருடையது, வருவது யாரோ ஒருவர் வண்டி. சாமான் முழுவதும் லாரியில் ஏறிய பிறகு, "இவ்வளவு சாமான்னு சொல்லலையே" என்று கூடுதல் பணம் கேட்டு இறக்க மறுப்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை. நேரிலோ வீடியோவிலோ பார்த்து, ஒவ்வொரு சாமானும் எழுதிய பட்டியல், ஜிஎஸ்டி எண், லாரி ரசீது இவை வேண்டும். ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்சூரன்ஸ் என்று சதவீதம் போட்டு வாங்குவார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் உள்ள சான்று தராவிட்டால் அந்தப் பணம் அவர்கள் சட்டைப்பைக்குத்தான். சாலைவழிச் சரக்குச் சட்டம் 2007-ன்படி வழக்குப் போடுவதற்கு முன், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அதிக மதிப்பை எழுதிக் கொடுக்காவிட்டால் பொறுப்பு லாரி வாடகையில் பத்து மடங்கோடு நின்றுவிடும். எனவே டிவி, பிரிட்ஜ் மதிப்பை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். இ-வே பில்லுக்கு (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் சீட்டு) தனிக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம், பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு அதில் விலக்கு இருக்கிறது.

சென்னை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். முழு வீட்டுக்குத் தனி வண்டி, அதுவும் சென்னைக்குக் காலியாகத் திரும்பிப் போகும் லாரி கிடைத்தால், ஷேரிங்கைவிடப் பெரிதாகக் கூடாது. விசாரிக்காமல் ஷேரிங்குக்குத் தலையாட்டாதீர்கள்.

பார்சல் ஷெட்

வேலை மாறி ஒற்றை ஆளாகப் போகிறவருக்கு, பத்துப் பன்னிரண்டு கட்டு மட்டும் என்றால் இதுதான் மலிவு. பாத்திரம், துணி, புத்தகம் தாராளமாகப் போடலாம். கண்ணாடியும் பிரிட்ஜும் வேண்டாம். அவற்றை எடுத்துக்கொண்டாலும் "ஓனர் ரிஸ்க்" (உடைந்தால் உங்கள் பொறுப்பு) என்று எழுதித்தான் எடுப்பார்கள். அட்டைப்பெட்டிக்கு மேல் சாக்குப் போட்டுத் தைத்து, இரண்டு பக்கமும் பெயர், ஊர், 1/12, 2/12 என்று மார்க்கரில் எழுதுங்கள். ஒரு பக்கம் எழுதினால் அந்தப் பக்கம்தான் அடியில் போகும். குடோன் டெலிவரி என்றால் அங்கே லோடு ஆட்டோ, கூலி எல்லாம் உங்கள் செலவு.

பைக்கை மட்டும் இந்த மூன்றிலும் சேர்க்காமல் ரயில்வே ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் போடலாம். ஆர்சி நகல், அடையாள அட்டை நகல், பெட்ரோல் சுத்தமாக வடித்த டேங்க், சாக்குச் சுற்று இருந்தால் போதும். டிக்கெட்டோடு லக்கேஜாகப் போட்டால் நீங்கள் போகும் ரயிலிலேயே வரும், பார்சலாகப் போட்டால் இடம் கிடைக்கும் ரயிலில் வரும்.

கேஸ் சிலிண்டரை எந்த வண்டியிலும் ஏற்ற வேண்டாம். ஊர் மாறுகிறவர்கள் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, மாற்றுச் சீட்டோடு போனால் அங்கே இணைப்புக் கிடைக்கும். பால் காய்ச்சுவதற்கு வேண்டிய உப்பு, மஞ்சள், குத்துவிளக்கு, சாமி படம், பால் சட்டி, தீப்பெட்டி எல்லாம் ஒரே கூடையில் உங்கள் கையோடு வரட்டும். அது லோடில் அடியில் சிக்கினால், நல்ல நேரம் போனபின்தான் கைக்கு வரும்.