"கம்பஸ்" எண்ட போர்டை நம்பி 185,000 ரூபா போச்சு: ஏ.எல் முடிச்ச பிள்ளையள் வாசியுங்கோ

வவுனியாவில ஒரு தனியார் கம்பியூட்டர் டிப்ளோமா நிலையம். பெயரை நான் இங்க போடேல்லை. கட்டினது 185,000 ரூபா: பதிவுக்கு 15,000, முதல் தவணை 50,000, பிறகு மாதம் 20,000 படி ஆறு மாதம். சான்றிதழ் இல்லை. காசும் திரும்பாது எண்டு நேற்றுச் சொல்லிப்போட்டினம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர வவுனியா வளாகம் 2021 ஆவணி 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாச்சு. எங்கட சனத்துக்கு "கம்பஸ்" எண்டால் இன்னும் அதுதான் ஞாபகம் வரும். அந்தச் சொல்லை ஒரு கடைக்கு மேல்மாடியில எழுதிப்போட்டால், மல்லாவியிலயிருந்து வாற தாய்க்கு வித்தியாசம் எப்பிடித் தெரியும்?

மாட்டுப்படுறது சேர்க்கிற மேசையிலதான். சுவரில கண்ணாடி போட்டு அரச இலச்சினையோட ஒரு பத்திரம். "கவன்மென்ரில பதிஞ்ச இடம் அம்மா, என்.வி.கியூ 5 கிடைக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டினால் 40,000 கழிவு, தம்பிக்கு ஒரு இடம் பிடிச்சு வைச்சிருக்கிறன்." (என்.வி.கியூ எண்டால் அரசாங்கத்தின்ர தேசிய தொழிற்தகைமை, 5 எண்டது அதில டிப்ளோமா மட்டம்.) அவ்வளவு அன்பாக் கதைச்சால் ஆர்தான் பத்திரத்தைக் கிட்டப்போய் வாசிப்பினம்? அது வியாபாரப் பெயர்ப் பதிவு. பலசரக்குக் கடைக்கும் அதேதான் எடுக்கிறது.

படிப்பிக்கிற இடத்துக்கு வேண்டியது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின்ர பதிவு. அதுவும் பாதி வேலைதான். நிலையத்தைப் பதியிறது வேற, பாடநெறிக்கு அங்கீகாரம் எடுக்கிறது வேற. அந்தப் பாடநெறிக்கு, அந்த மட்டத்துக்கு அங்கீகாரம் இல்லையெண்டால் நிலையத்தால பிள்ளையை என்.வி.கியூ மதிப்பீட்டுக்கு அனுப்பேலாது. "திகதி வரும், திகதி வரும்" எண்டு இழுத்ததுக்குக் காரணம் இதுதான். வரவே வராத திகதி.

படிப்பெண்டு நடந்ததையும் கேளுங்கோ. 34 பேருக்கு 8 கம்பியூட்டர், அதில 3 வேலை செய்யாது. தமிழில எண்டு சொல்லிச் சேர்த்துப்போட்டு, கொழும்பிலயிருந்து சூமில இங்கிலிசில பாடம். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பிள்ளையள் பஸ் ஏறினாப் பிறகுதான் "இண்டைக்கு வகுப்பில்லை" எண்டு மெசேஜ் வரும். ஆக்கள் குறையக் குறையப் புதுப் பிள்ளையளைக் கொண்டுவந்து சேர்ப்பினம், பாடம் திரும்ப வேர்ட், எக்செலில துவங்கும். விளம்பரப் படத்தில விளையாட்டுப்போட்டி, ஒன்றுகூடல், கறுப்பு அங்கி. அங்க இருந்து கதைக்க ஒரு வாங்கு கூட இல்லை. வகுப்பு முடிஞ்சால் கதவைப் பூட்டிப்போடுவினம். சிநேகிதமாகிற நேரத்தில பக்கத்தில இருந்தவன் வாறதை நிப்பாட்டிடுவான். கடைசியில 11 பேர். சுற்றுலாவுக்கு எண்டு வாங்கின 3,500 ரூபா வேற, அது இந்த 185,000இல சேராது. சுற்றுலாவும் போகேல்லை.

காசு கேட்டால்: மேடம் மீற்றிங்கில. பிறகு கொழும்பு ஒபிசில கேளுங்கோ. கொழும்பில கேட்டால் அது கிளையின்ர பொறுப்பாம். கடைசியாப் படிவத்தின்ர பின்பக்கத்தைக் காட்டினம், பொடி எழுத்தில இங்கிலிசில "கட்டின பணம் மீளளிக்கப்படாது". பற்றுச்சீட்டிலயும் பாடநெறியின்ர பெயர் இல்லை, "சேவைக் கட்டணம்" எண்டு மட்டும் எழுதியிருக்கு. 185,000 ரூபாவும் என்ன சேவைக்கு?

என்ன செய்யவேணும் எண்டு விரிவா எழுதத்தான் நினைச்சன், இப்ப கை ஓடுதில்லை. கட்ட முதல் ஆணைக்குழுவின்ர இணையத்தளத்தில நிலையத்தின்ர பெயரையும் பாடநெறியையும் தனித்தனியாத் தேடுங்கோ. கொழும்பு ஒபிசின்ர பத்திரத்தைக் காட்டினால் ஏற்காதேங்கோ, வவுனியாக் கிளை பட்டியலில இருக்கவேணும். பற்றுச்சீட்டில பாடநெறி, மட்டம், தொடரிலக்கம் இல்லாமல் ஒரு ரூபாவும் குடுக்காதேங்கோ. முதலில கிளிநொச்சி அறிவியல்நகரில இருக்கிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம், அரச தொழில்நுட்பக் கல்லூரிகளில விண்ணப்பத் திகதியைப் பாருங்கோ. முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அதிகார சபையின்ர தொலைபேசி இலக்கம் 1977.

அந்த மேல்மாடியில படிச்ச ஆக்கள் பற்றுச்சீட்டுகளை எறியாதேங்கோ. திங்கட்கிழமை முறைப்பாடு குடுக்கப் போறம், ஒவ்வொருத்தரின்ர போட்டோகொப்பியும் வேணும்.