லிவர் துப்பாக்கியா, சிலிண்டர் துப்பாக்கியா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கும் எங்கள் குறிசுடும் சங்கத்துக்கு 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி வாங்கலாம் என்று முடிவானதும், செயலவையில் ஆளுக்கொரு கருத்து. "அண்ணே, உலகமே சிலிண்டருக்கு மாறிடுச்சு, நாம மட்டும் ஏன் பின்னால போகணும்?" என்று, காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் சிலிண்டர் துப்பாக்கிக்காக இளைஞர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். நான், ஒவ்வொரு குண்டுக்கும் கையால் காற்றை அழுத்தும் லிவர் துப்பாக்கிக்குக் கை தூக்கினேன். கடைசியில் அதையே வாங்கினோம். இதே யோசனையில் இருக்கும் மற்ற தோட்டப்புறச் சங்கங்களுக்கு எங்கள் கணக்கு உதவக்கூடும்.

லைசன்ஸ் விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமே. போலீஸ் அனுமதி இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. ஆன்லைனில் பார்சல் போடும் எண்ணமே வேண்டாம். சங்கம் மூலமாகப் போங்கள்.

மூன்றாவது வகையான, சுருள்வில் விசையால் சுடும் ஸ்பிரிங் துப்பாக்கியைச் சீக்கிரமே ஒதுக்கிவிட்டோம். விலை குறைவு, காற்று நிரப்பும் வேலை இல்லை. ஆனால் உள்ளே பிஸ்டன் ஓடி முட்டும்போது துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும், உடனே முன்னால் இழுக்கும். குண்டு குழலைவிட்டு வெளியேறுவதற்குள் இந்த ஆட்டம் தொடங்கிவிடும். 10 மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளி என்பது 0.5 மில்லிமீட்டர் பொட்டு. புதிதாகப் பழகும் பிள்ளை தன் பிழை எது, துப்பாக்கியின் ஆட்டம் எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் மாதிரி அதிர்வை விழுங்கும் பழைய ஸ்பிரிங் துப்பாக்கிகள் விதிவிலக்கு. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

மிச்சம் இரண்டு. சிலிண்டர் துப்பாக்கியில் 200 பார் அழுத்தத்தில், அதாவது வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில், காற்றை அடைத்து வைத்து, ஒவ்வொரு குண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறோம். லிவர் துப்பாக்கியில், அதாவது ஃபைன்வெர்க்பாவ் 600 வரிசை, வால்த்தர் எல்ஜிஆர் போன்றவற்றில், பக்கத்து லிவரை ஒரு தடவை இழுத்து மூடினால் அந்த ஒரு குண்டுக்கு மட்டும் காற்று அழுந்தும். சுட்டதும் காலி. இரண்டிலும் உதை இல்லாத மாதிரிதான். துல்லியத்தில் எங்கள் பிள்ளைகளால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? காற்றை வைத்துத்தான். இன்னும் சரியாகச் சொன்னால், காற்றில் இருக்கும் தண்ணீரை வைத்து.

சிலிண்டரை எங்கே நிரப்புவது? முக்குளிப்புக்காரர்களின் பெரிய டேங்க் இருந்தால் அதிலிருந்து நிரப்பலாம். அந்த டேங்கையும் யாராவது கடலோரப் பக்கம் கொண்டுபோய் நிரப்பி வர வேண்டும், காலத்துக்குக் காலம் சோதனைக்கும் விட வேண்டும். இல்லாவிட்டால் கைப்பம்பு. நம் ஊர்க் காற்று விடியற்காலையில் பால்மரத்துக்கு நடுவே மூக்கில் ஈரமாகவே ஏறும். ஒரு கன மீட்டர் காற்றில் 25 கிராம் நீராவி இருப்பது இங்கே சாதாரணம். 0.2 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப வெளிக்காற்று ஏறக்குறைய 40 லிட்டர் உள்ளே போக வேண்டும். அதோடு போகும் தண்ணீர் 1 கிராம். காற்று அழுந்தும்போது அந்தத் தண்ணீர் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி வெளியே வந்துவிடும். பெரும்பகுதி பம்பிலேயே தங்கும், மீதி சிலிண்டருக்குள்ளும் வால்வுக்கும் போகும். ஒரு தடவை ஒன்றும் ஆகாது. வாரா வாரம் நிரப்பும் சங்கத்துக்கு இது துருவும் கசிவுமாகத்தான் முடியும்.

பம்பில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட வடிகட்டி மாட்டலாம். நிறம் மாறியதும் மணிகளைச் சூடுகாட்டி உலர்த்த வேண்டும், பம்பையும் அடிக்கடி நிறுத்தி ஆறவிட வேண்டும். யார் செய்வது? பொறுப்பான ஒருவர் ஈப்போவுக்கு வேலை மாறிப்போனால் அந்தப் பழக்கமும் அவரோடு போய்விடும். தனியொருவர் வைத்திருக்கும் துப்பாக்கிக்கு இது பெரிய சுமையில்லை. பத்துக் கை மாறும் சங்கத் துப்பாக்கிக்குச் சுமைதான்.

சிலிண்டருக்கு ஆயுளும் உண்டு. போட்டித் துப்பாக்கிகளின் அலுமினியச் சிலிண்டர் பலவற்றுக்கு 10 ஆண்டுதான் கெடு. தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். பழைய துப்பாக்கி மலிவாக வருகிறது என்றால் முதலில் அந்த எழுத்தைப் படியுங்கள். கெடு முடிந்திருந்தால் புதுச் சிலிண்டரின் விலையையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

லிவர் துப்பாக்கி எதையும் சேர்த்து வைப்பதே இல்லை. உள்ளே போன ஈரம் அடுத்த நொடியே குண்டோடு வெளியேறிவிடும். தேய்வது ரப்பர் சீல்தான். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: லிவரை மூடிய உடனே ஐந்து குண்டு, மூடி ஒரு நிமிடம் காத்திருந்து ஐந்து குண்டு. இரண்டாவது ஐந்து குண்டின் கூட்டம் அட்டையில் கீழே இறங்கினால் சீல் கசிகிறது. எங்களுக்குக் கிடைத்தது வேறு மாநிலச் சங்கம் ஒன்று கைமாற்றிய பழையது. அதைச் சுட்டுப் பார்த்தபோது இரண்டு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அங்கேயே பேசி முடித்துவிட்டோம்.

குறையும் இருக்கிறது. 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு முப்பது நாற்பது தடவை லிவர் இழுத்தால் தோள் தளர்ந்துவிடும். நாங்கள் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி இழுத்துக் கொடுக்கிறோம். மாநில அளவில் போட்டியிடும் பிள்ளைக்கு, நிலை கலையாமல் அடுத்தடுத்துச் சுட, சிலிண்டர் துப்பாக்கிதான் சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இனி ஸ்கோப், அதாவது துப்பாக்கி மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி. 10 மீட்டர் போட்டி விதிப்படி அது கூடாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நம் மலேசிய வீராங்கனை நூர் சூர்யானி தைபி சுட்டதும் ஸ்கோப் இல்லாமல்தான். பின்னால் சின்னத் துளை, முன்னால் வளையம், வளையத்துக்குள் கறுப்பு வட்டம். பிள்ளைகளை இதில்தான் பழக்க வேண்டும். ஸ்கோப் வேண்டும் என்பவர்கள் எங்கள் சங்கத்தில் கண் மங்கிய மூத்தவர்கள். அவர்களுக்கு நான் சொல்வது, உருப்பெருக்கத்தைவிடக் குவிய தூரத்தைப் பாருங்கள் என்பதுதான். வேட்டை ஸ்கோப்புகள் பலவும் 100 கெஜத்துக்கு அமைத்து வருபவை. 10 மீட்டரில் தலையை இலேசாக நகர்த்தினாலே குறுக்குக் கோடு அட்டையில் ஊரும். துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, கையை எடுத்துவிட்டு, கண்ணை மட்டும் இடவலமாக நகர்த்துங்கள். கோடு ஓடினால் வேண்டாம். 10 கெஜம் வரை குவியம் திருப்பக்கூடியதாகப் பார்த்து எடுங்கள்.

விலை கூடிய ஸ்கோப்பை நான் வருடக்கணக்கில் வைத்துப் பார்த்ததில்லை. மலிவானவற்றில் இரண்டு மழைக்காலத்துக்குள் கண்ணாடியில் பூஞ்சை படர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கிப் பெட்டியிலேயே பூட்டி வைக்காமல், கழற்றி, கேமராக்காரர்கள் வைக்கும் உலர்பெட்டியில் வையுங்கள். துளைக் குறிக்கு இந்த வேலையெல்லாம் இல்லை. வெள்ளைத் துணியால் துடைத்து, இரும்புப் பாகத்தில் எண்ணெய் தொட்டு வைத்தால் போதும்.