பழைய தேக்கு பீரோ: துடைத்தால் போதுமா, சுரண்டத்தான் வேண்டுமா?

மதுரைப் பக்கம் பழைய வீடு பிரிக்கிற இடத்தில் எந்தக் கட்டிலைக் காட்டிக் கேட்டாலும் பதில் இரண்டுதான். "பர்மா தேக்குண்ணே", இல்லையென்றால் "ஈட்டிண்ணே". இந்த ஊரில் பூவரசிலும் பலாவிலும் வேங்கையிலும் ஒரு ஆசாரி கூட உளி வைத்ததில்லை போல! பல வருஷத்துப் பாலிஷ் அழுக்கோடு சேர்ந்து கருத்துவிட்டால் எல்லா மரமும் ஒரே நிறம்தான். அதனால் பட்டறைக்கு ஏற்றுவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும்: அடியில் என்ன மரம், மேலே என்ன பூச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பழைய சாமானை முழுசாகச் சுரண்ட வேண்டியதே இல்லை.

மரத்தைப் பார்க்க முன்பக்கம் உதவாது. டிராயரை உருவிக் கவிழ்த்து, பாலிஷ் படாத அடிப்பக்கத்தில் நகக்கண் அளவுக்குப் பிளேடால் சுரண்டுங்கள். பொன்பழுப்பாக வந்து, விரலில் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கும் மூக்கில் தோல்பை வாசனையும் தெரிந்தால் தேக்கு. ஊதா கலந்த கரும்பழுப்பும் நடுவில் கருப்புக் கோடுகளும் என்றால் ஈட்டி; தோதகத்தி என்பதும் இதுதான். தூக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். காய்ந்த தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ, ஈட்டி 24 கிலோ பக்கம். சுரண்டிய இடம் வெளேரென்று வந்தால் சாயம் ஏற்றிய நாட்டு மரத்துக்கு ஈட்டி விலை சொல்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே பளிச்சென்று மஞ்சள் தெரிந்தால் பலாவாக இருக்கலாம். அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து, வருஷம் போகப் போகச் செம்பழுப்பாகிற மரம் அது.

வேங்கைக்கு ஒரு சோதனை உண்டு, பார்க்கவே அழகு. சுரண்டிய தூளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வைத்துக் காலை வெயிலில் பிடியுங்கள். தேநீர் நிறத் தண்ணீரின் ஓரத்தில் ஒரு நீலம் மினுங்கும். சர்க்கரைக்கு நல்லதென்று சொல்லி விற்கும் வேங்கை டம்ளரும் இந்த மரம்தான்.

பர்மாத் தேக்கா, நாட்டுத் தேக்கா? கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது. ரேகை நெருக்கமாக, நேராக, முடிச்சு இல்லாமல் ஓடினால் நிதானமாக வளர்ந்த காட்டு மரம் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். செட்டிநாட்டு வீடுகளுக்கு பர்மாவிலிருந்து தேக்கு வந்தது உண்மை. நிலம்பூரில் 1840களிலேயே தேக்குத் தோட்டம் போட்டதும் உண்மை. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கினாலும் சரி, பர்மா என்ற ஒரு சொல்லுக்காகத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்தது பூச்சு. மூலையில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை அரை நிமிஷம் வையுங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு ஏறினால் அது அவலரக்கை, அதாவது அவல் மாதிரிச் செதிலாக விற்கும் அரக்கை, ஸ்பிரிட்டில் கரைத்துப் போட்ட பழைய பிரெஞ்ச் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்குக் கரைந்தால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் வார்னிஷோ, மெலமைன், பி.யு. (பாலியுரீத்தேன்) போன்ற இந்தக் காலத்துப் பூச்சோ, அதாவது உங்களுக்கு முன்பே யாரோ ஒருவர் கைவைத்துவிட்டார்.

பஞ்சு பிசுபிசுத்தால் கொண்டாடலாம். அரக்கு எத்தனை வருஷமானாலும் ஸ்பிரிட்டில் மறுபடி இளகும். முதலில் டர்பன்டைன் தொட்ட துணியால் மெழுகையும் கைப்பிசுக்கையும் எடுங்கள். கறுப்பு என்று நினைத்ததில் பாதி துணியோடு வந்துவிடும். பிறகு மெல்லிய பிரஷ்ஷில் ஸ்பிரிட்டை ஒரே ஓட்டமாக இழுத்தால், முதலைத்தோல் மாதிரி வெடித்துக் கிடந்த பாலிஷ் இளகித் தானாக மூடிக்கொள்ளும். போன இடத்துக்கே திரும்பப் போகக் கூடாது, இழுபட்டுவிடும். மறுநாள், துணிக்குள் பஞ்சு வைத்த பொட்டலத்தால் நீர்க்க அரக்குப் பாலிஷ் இரண்டு மூன்று கை. கடைசியில் தேன்மெழுகு. மரத்திலிருந்து ஒரு இழை கூடப் போகவில்லை, நூறு வருஷத்து நிறமும் அப்படியே இருக்கிறது.

பட்டறைக்காரர் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். "சுரண்டி மெலமைன் அடிச்சிருவோம்ணே, கண்ணாடி மாதிரி நிக்கும்" என்பார். நிற்கும்தான். மெலமைனும் பி.யு.வும் தண்ணீருக்கும் சூட்டுக்கும் அரக்கை விட எத்தனையோ மடங்கு தாங்கும். ஆனால் காஸ்டிக் சோடா ஊற்றிக் கழுவினால் தேக்கு கறுக்கும், பழைய மூட்டுப் பசை விடும். உப்புத்தாள் மெஷின் ஓடினால் கொடிவேலைப்பாட்டின் விளிம்பு மழுங்கும், மூங்கில் ஆணியின் தலை தேயும். நாளைக்கு அந்தப் பூச்சு உரிந்தால் ஒட்டுப்போடவும் முடியாது, மறுபடி முழுசாகச் சுரண்ட வேண்டியதுதான். ஈட்டியில் செதுக்கு வேலை இருந்தால் நான் மெஷினைக் கிட்டவே விடமாட்டேன். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கிளப்பும்.

சாப்பாட்டு மேஜை மட்டும் எனக்கு விதிவிலக்கு. அரக்குப் பாலிஷில் சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும், ரசம் சிந்தினால் தடம் நிற்கும். தினமும் புழங்குகிற மேஜை, அதுவும் வேலைப்பாடு இல்லாத தேக்கு என்றால், மேல்பலகைக்கு மட்டும் பி.யு. அடித்துக்கொண்டு காலையும் சட்டத்தையும் பழையபடியே விட்டுவிடலாம். பார்க்க ஒட்டாது என்பவர்கள் வீட்டில் மேஜை விரிப்பு போடாதவர்கள். பலா, பூவரசு, வேம்பு சாமானுக்கு மெழுகே போதும். அதில் வெள்ளைப் பகுதி இருந்து, துளையிலிருந்து மாவு கொட்டினால் முதலில் வண்டுக்கு மருந்து, பாலிஷ் பிறகு.

பச்சையோ நீலமோ எனாமல் அடித்த பீரோவைச் சுரண்டத்தான் வேண்டும். வேறு வழியில்லை, ஆனால் உப்புத்தாளை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாதென்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் எவ்வளவும் இருக்கலாம். பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, ஈரத்தோடு வழித்தெடுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரவேண்டாம்.

அரக்கோ லாக்கரோ, எதுவானாலும் ஐப்பசி கார்த்திகை மழையில் வேண்டாம். காற்றின் ஈரம் ஏறிப் பூச்சு பால் படர்ந்தது போல் வெளுத்துப்போகும். ஆள் சும்மா இருக்கிறார், கூலி குறைத்துத் தருகிறார் என்றாலும் தை பிறக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.