பிரவுன்சி தீவு முகாம்: படையோடு போகும் சாரண ஆசிரியர்களுக்கு

இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், பூல் துறைமுகத்துக்கு உள்ளேயே இருக்கிறது பிரவுன்சி தீவு. 1907 ஆகஸ்ட் 1 அன்று பேடன் பவல் இங்கே தொடங்கிய சோதனை முகாம்தான் சாரணர் இயக்கத்தின் விதை. காலையில் படகேறி, நினைவுக்கல் முன்னால் படம் எடுத்துக்கொண்டு மாலையில் திரும்புகிற திட்டம் என்றால், இவ்வளவு தூரம் வருவது வீண் செலவு. கல்லும் சின்ன அருங்காட்சியகமும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கூடாரம் அடித்துத் தங்கி, முதல் முகாம் நடந்த முறையிலேயே நடத்துங்கள். அப்போது இந்த இடத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

அந்த முறை என்ன என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். வந்தவர்களில் பாதிப் பேர் ஈட்டன், ஹாரோ போன்ற பள்ளிகளின் வசதியான வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பாதி போர்ன்மவுத், பூல் ஊர்களின் பாய்ஸ் பிரிகேட் என்ற சிறுவர் அமைப்பைச் சேர்ந்த உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். கட்டணமும் அதற்கேற்ப இருந்தது: முன்னவர்களுக்கு ஒரு பவுண்டு, பின்னவர்களுக்கு மூன்றரை ஷில்லிங் (ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங்), அதாவது ஆறில் ஒரு பங்குக்கும் சற்றே அதிகம். அவர்களை ஓநாய், காளை, கர்லூ (நீண்ட அலகுள்ள ஒரு கரையோரப் பறவை), அண்டங்காக்கை என்று நான்கு அணிகளாகக் கலந்து பிரித்தார்கள். அணிக்கு ஐந்து பேர், ஒரு பெல் டென்ட் (மணி வடிவக் கூடாரம்), ஒரு மூத்த பையன் தலைவன். தோளில் அணியின் நிறத்தில் நாடா: நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு. அணிக்குள் என்ன நடந்தாலும் அதற்கு அந்தத் தலைவனே முழுப் பொறுப்பு. பெரியவர்கள் அவனைத் தாண்டிப் போய்ப் பையன்களிடம் நேரடியாக உத்தரவு போடவில்லை. இன்று உலகமெங்கும் ‘அணி முறை’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

பாடம் நடத்திய விதம்தான் இந்த முகாமின் உயிர். ஒரு விஷயத்தை மூன்று வேளையாகப் பிரித்தார்கள். தடம் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் இரவு, முகாம் தீயைச் சுற்றி உட்கார்ந்து, தடம் பார்க்கத் தெரிந்ததால் காரியம் கைகூடிய ஒரு கதை. மறுநாள் காலை நடந்தும் ஓடியும் காலடிகளைப் பதித்து, அதைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது. பிற்பகலில் மான் வேட்டை ஆட்டம். ஒருவன் மான், பையில் ஆறு டென்னிஸ் பந்துகளோடு கிளம்பிவிடுவான். இருபது நிமிடம் கழித்து நான்கு வேட்டைக்காரர்கள் ஆளுக்கு ஒரு பந்தோடு அவன் தடத்தைப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஓரிரு மைல் போனதும் மான் பதுங்கி நின்று, நெருங்கி வருபவன் மேல் பந்தை வீசும். அடிபட்டவன் மான் கொம்பில் குத்துப்பட்டவனாகக் கணக்கு. மானின் மேல் மூன்று பந்து பட்டால் மான் அவுட். செலவு என்று பார்த்தால் பத்துப் பந்து, அவ்வளவே.

இரவில் ஓர் அணி மட்டும் காவலுக்குப் போகும். மாவு, உருளைக்கிழங்கு, இறைச்சி, தேயிலை எல்லாம் வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு கோட்டு, கம்பளி, சமைக்கப் பாத்திரம், தீப்பெட்டியோடு சொன்ன இடத்துக்குப் போய்த் தாங்களே சமைத்துச் சாப்பிட்டுக் காவல் நிற்பார்கள். மற்ற அணித் தலைவர்களும் பேடன் பவலும் இரவு 11 மணிக்குள் அவர்களை வேவு பார்க்க ஊர்ந்து வருவார்கள். அதன் பிறகு காவல் கலைந்து எல்லோரும் தூங்கலாம். அந்த நேரக் கெடு முக்கியம். அதை விட்டுவிட்டு விடிய விடிய ஆடவிட்டால் மறுநாள் காலைப் பயிற்சி கெட்டுப்போகும்.

இங்கே வந்தும் சொதப்புகிற படைகள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தவறுகின்றன. ஒன்று, ஓர் அணியில் பத்துப் பன்னிரண்டு பேரைத் திணிப்பது. அப்போது இரண்டு மூன்று பேர் வேலை செய்ய, மற்றவர்கள் நிற்பார்கள். தலைவனாலும் எல்லோரையும் கவனிக்க முடியாது. இன்னொன்று, மதிய உணவுக்குப் பிந்தைய ஓய்வை வெட்டிவிட்டு இன்னொரு வகுப்பைச் செருகுவது. 1907 கால அட்டவணையில் அந்த ஓய்வு கட்டாயம். பையன்கள் மாலை ஆட்டத்தில் சுணங்கினால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

பையன்களை எழுப்ப பேடன் பவல் ஊதியது ஆப்பிரிக்காவின் குடு மானின் கொம்பு. இன்றைய ஜிம்பாப்வேயில் நடந்த 1896 மாடபெலே போரில் கிடைத்தது அது. 1919-ல் லண்டன் அருகே உள்ள சாரணர் பயிற்சி மையமான கில்வெல் பார்க்கில் நடந்த, சாரணத் தலைவர்களுக்கான முதல் வுட் பேட்ஜ் பயிற்சியிலும் அதையே ஊதினார்கள். நூற்றாண்டு நாளான 2007 ஆகஸ்ட் 1 காலை 8 மணிக்கு இதே தீவில் மறுபடி ஒலித்தது. உங்கள் படைக்கு விசிலுக்குப் பதில் ஒரு கொம்பு இருந்தால் கொண்டுபோங்கள். இங்கே அதற்குப் பொருள் உண்டு.

இடையில் இந்தத் தீவு சாரணர்களுக்குக் கைநழுவியும் போயிருக்கிறது. 1927-ல் வாங்கிய மேரி போனம் கிறிஸ்டி என்ற பெண்மணி வெளியாட்களுக்குக் கதவை அடைத்தார். 1934-ல் பெருந்தீ தீவின் பெரும்பகுதியை விழுங்கியது. 1962-ல் பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்து, மறுவருடம் முறையான முகாம் திடலை பேடன் பவலின் மனைவி ஒலாவ் திறந்துவைத்தார். திடலின் பரப்பு 50 ஏக்கர்.

போகுமுன் கவனிக்க வேண்டியவை: பூல் கீ, சாண்ட்பேங்க்ஸ் இரண்டிலிருந்தும் படகு உண்டு. நேஷனல் டிரஸ்ட் உறுப்பினராக இருந்தாலும் படகுக் கட்டணம் தனி. படகுத்துறை கிழக்கு முனையில், முகாம் திடல் தென்மேற்கே, கார் கிடையாது. ஆகவே ஒவ்வொருவரும் தன் முதுகில் சுமக்கிற அளவுக்கே கட்டுங்கள். மண் மணற்பாங்கானது, குட்டை முளைகள் காற்றில் பிடுங்கிக்கொள்ளும், நீளமான முளைகள் வேண்டும். சிவப்பு அணில்களும் மயில்களும் உணவைத் தேடி வரும் என்பதால் மூடி இறுகும் பெட்டிகள் அவசியம். சிக்கா மான்கள் திரிகிற இடம், உண்ணி இருக்கும். புதரில் ஊரும் ஆட்டங்களுக்கு முழுக்கால் சட்டை போடச் சொல்லுங்கள். படுக்குமுன் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணி கடித்தால் லைம் நோய் என்ற பாக்டீரியாத் தொற்று வரலாம். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுக்க வேண்டும். இடுக்கி அணிக்கு ஒன்று இருக்கட்டும், ஆசிரியர் பையில் மட்டும் இருந்தால் போதாது.